தலைசுற்றலோடு திருவரங்கம் வரை

காலை ஆறரை மணிக்குத் துவரங்குறிச்சியில் திருச்சிராப்பள்ளிப் பேருந்தில் ஏறினேன். தொலைவு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய். என் நெற்றியின் வலப்புறத்தில் புருவம் வரை அக்கி இறங்கியிருந்தது. அது கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டதா என்பதைத் தில்லைநகரில் ஒரு கண் மருத்துவர் அன்று மாலை பார்த்துச் சொல்ல வேண்டும். பயணத்தின் நோக்கம் அவ்வளவே.

ஊரார் வைரஸ் என்று வழங்கும் தீநுண்மியை அடக்குவதற்கு, எங்கள் ஊர் மருத்துவர் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பாதி வாரம் கழிந்திருந்தது. “சிலருக்குத் தலை சுத்தலாம். சுத்தினா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, கண்ணுக்கு ஆபத்து” என்று சொல்லியிருந்தார். அந்தச் சிலருள் நான் ஒருத்தியாக இருக்க மாட்டேன் என்று ஏனோ உறுதியாக நம்பினேன்.

விராலிமலை தாண்டும்வரை நம்பிக்கை நிலைத்தது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தில் இறங்கியபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூணைப் பற்றினேன்; தூணும் மெல்ல நகர்ந்தது. மயக்கம் வேறு, இது வேறு. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்; ஊர் என்னை வலம் வருகிறது.

அடுத்த பேருந்தில் திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதன்மேல் எனக்குச் சினமும் வந்தது. திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி அமர்ந்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எடமலைப்பட்டி புதூரில் ஏறிய பெண்ணொருவர் என் அருகில் உட்கார்ந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த துணிக்கடையில் வேலை பார்ப்பவராம்.

“என்னங்க, கம்பிய இந்தப் பிடி பிடிச்சிருக்கீங்க? பஸ் எங்கயும் ஓடிடாது.”

“தலை சுத்துதுங்க. அக்கிக்கு மாத்திரை போடுறேன்.”

“அப்ப அதாங்க. நிறுத்திடுங்க. எங்க மாமியாருக்கும் இப்படித்தான் சுத்துச்சு. ரெண்டே நாள்ல நிறுத்திட்டோம்.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். “வலி இருக்குங்க. வருஷம் ஆகுது. சீலை பட்டாலே எரியுதுங்கறாங்க. ஆனா தலை சுத்தலைங்க.”

சத்திரத்தில் இறங்கும்போது, “பாத்துப் போங்க” என்று என் கைப்பையை மடியில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஆறு கிழக்கே போயிற்று. பாலம் மேற்கே போயிற்று. பின்னால் மலைக்கோட்டை எழும்பியும் தாழ்ந்தும் ஆடியது. கண்ணை மூடிக்கொள் என்று உடல் கெஞ்சியது. மூடவில்லை. பார்வை போய்விடுமோ என்று அஞ்சிப் புறப்பட்டவள், இருக்கிற பார்வையை எதற்காக மூட வேண்டும்? ஆடுகிற காவிரியும் காவிரிதான்.

திருவரங்கத்தில் உத்தர வீதியில் என் கல்லூரித் தோழி வைதேகியின் வீடு. மாலைவரை அங்கே தங்குவதாக ஏற்பாடு. வாசலில் என்னைக் கண்டதும் நெருங்கி வந்தாள்.

“எட்டி நில்லு. அம்மை வராதவங்களுக்கு ஒட்டும்” என்றேன்.

“நமக்குத்தான் ஹாஸ்டல்லயே ஆயிடுத்தே. உன்கிட்டேர்ந்துதானேடி எனக்கு வந்தது?”

உண்மை. அன்று வந்த அம்மையின் தீநுண்மிதான் இத்தனை ஆண்டுகள் நரம்புக்குள் உறங்கியிருந்து, இன்று என் நெற்றியில் விழித்திருக்கிறது.

கோயில் கைங்கர்யம் முடித்து வந்த அவள் கணவர் என் தள்ளாட்டத்தைப் பார்த்தார். “மாத்திரைச் சூடு தலைக்கு ஏறியிருக்கு. அக்கிக்குக் காவி எழுதிண்டாலே போறுமே. எழுதறவாளை எனக்குத் தெரியும்.”

மண்பாண்டம் செய்பவர்கள் அக்கியின்மேல் செங்காவி குழைத்து உரு எழுதும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. “புருவத்துல எழுதலாங்க. கண்ணுக்குள்ள யார் எழுதுவாங்க?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். வைதேகி சிரிக்கவில்லை.

நண்பகல் மாத்திரைக்குக் கைப்பையைத் திறந்தால் அட்டையைக் காணவில்லை.

“பெருமாள்கிட்ட வெச்சிருக்கேன்” என்றாள் வைதேகி. “நீ சுவரைப் பிடிச்சுண்டு நடக்கறதை என்னால பாக்க முடியலை. தலைசுத்தல் நிக்கட்டும், அப்புறம் தரேன்.”

பூசை அறைக்குள் குளித்து மடியாக இருப்பவர்கள் மட்டுமே நுழையலாம். பேருந்துத் தூசியோடு வந்த நான் அந்த நிலைப்படியைத் தாண்டமாட்டேன் என்று அறிந்தே அங்கே வைத்திருக்கிறாள். அன்பு இப்படியும் வழிமறிக்கும்.

“கண்ணு என்னோடதுடி. நேரம் தவறினா மடி பார்க்கமாட்டேன், உள்ளே போயிடுவேன்” என்றேன். சொல்லிவிட்டு, அவர்கள் இருவரும் கேட்கும்படி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் முதலில் கேட்டது: “காது வலிக்குதா? முகம் ஒரு பக்கமா இழுக்குதா? பேச்சு குழறுதா?”

“இல்லைங்க.”

“நேத்து ராத்திரியிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

நெடுவழிப் பேருந்தில் போகவிருக்கும் பெண் முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். யாரும் கற்பித்ததில்லை, ஒதுங்க இடமில்லாத சாலைகள் எங்கள் உடம்பில் படியவைத்த பழக்கம். அன்று காலை மாத்திரையையும் ஒரே மிடற்றில்தான் விழுங்கியிருந்தேன்.

“மாத்திரை முழுங்க ஒரு வாய் குடிச்சேங்க.”

“இந்த மாத்திரைக்குத் தண்ணி நிறைய வேணும்னு சொல்லித்தானே அனுப்பினேன். மாத்திரையாலயும் சுத்தலாம், தண்ணி இல்லாமயும் சுத்தலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். போன்ல பிரிச்சுச் சொல்ல முடியாது. தண்ணியக் குடிங்க, மாத்திரையப் போடுங்க. கண் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. தனியா மட்டும் போகாதீங்க.”

வைதேகி தாழ்ந்த குரலில், “நானும் திருப்பதி போறச்சே முதல் நாள்லேர்ந்தே குடிக்கமாட்டேன்” என்றாள். அவள் கணவர் பூசை அறைக்குள் சென்று மாத்திரை அட்டையோடு வந்தார். அதன்மேல் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது. “பெருமாள் குடுத்துட்டார். வாங்கிக்கோங்கோ.” செம்பு நிறையத் தண்ணீர் குடித்து மாத்திரையை விழுங்கினேன்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டோவில் தில்லைநகர் சென்றோம், இருநூறு ரூபாய். “நாளைக்குப் போகலாமேடி” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தாலும், பாலத்தின்மேல் என் கையை இறுகப் பிடித்திருந்தவள் வைதேகிதான். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “மெதுவாவே போறேங்கம்மா. பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்” என்றார்.

கண் மருத்துவர் இளம்பெண். மஞ்சள் சாயம் விட்டு, நீல ஒளியைப் பாய்ச்சி, நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தலைசுற்றலைப் பற்றிச் சொன்னதும், நடக்கச் சொல்லி, விரலைப் பின்தொடரச் சொல்லி, அதையும் சோதித்தார்.

“கண்ணுக்குள்ள இறங்கலைங்க. சீக்கிரமே மாத்திரை ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு. மிச்சத்தையும் விடாமப் போடுங்க. அடுத்த வாரம் திரும்பக் காட்டணும்.”

வைதேகி சுவரில் இருந்த எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எனக்கும் ஒருதரம் கண்ணைப் பாருங்கோ டாக்டர், வந்ததுதான் வந்தோம்” என்றாள்.

அன்றிரவு வைதேகி வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை சுழற்சி தணிந்திருந்தது, முற்றும் நீங்கவில்லை. எழுந்ததும் இரண்டு செம்பு நீர் குடித்தேன். பஞ்சப்பூரில் வைதேகி ஏற்றிவிட்ட மதுரைப் பேருந்தில் அமர்ந்து, எல்லாரும் பார்க்க ஒரு புட்டித் தண்ணீரையும் குடித்து முடித்தேன். எதிர் இருக்கைப் பெண்ணொருத்தி வியப்போடு பார்த்தாள்.

விராலிமலையில் வண்டி நின்றதும் நடத்துநரிடம், கழிப்பிடம் போய்வர வேண்டும் என்றேன்.

“ரெண்டு நிமிசந்தாம்மா நிக்கும்.”

“நான் வர்ற வரைக்கும் நிக்கணுங்க. தலை சுத்துது, வேகமா நடக்க முடியாது.”

“ஒவ்வொருத்தருக்கா நின்னா மதுரைக்கு எப்பப் போறது?”

“வண்டியில இருக்கிற பொம்பளைங்களைக் கேளுங்க. எத்தனை பேரு குடிக்காம உக்காந்திருக்காங்கன்னு தெரியும்.”

எதிர் இருக்கைப் பெண் எழுந்தாள். “நானும் வரேங்க” என்று என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். பின்னிருக்கையில் ஒருத்தி குழந்தையைக் கணவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். நடத்துநர் ஊதவிருந்த விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஓட்டுநரைப் பார்த்து, “எஞ்சினை நிறுத்திக்கண்ணே” என்றார்.