அண்ணியின் கல்லூரி விசாரணை

"கைக்கு எவ்வளவு வருது சார்?" என்று அண்ணி கேட்டபோது, எதிரே நின்றவருக்கு வாயையே திறக்க முடியவில்லை. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. பெயர், வயது, எந்தப் பல் என்று கேட்டுக்கொண்டே வருகிற அண்ணி, குரலை மாற்றாமல், என்ன படித்தீர்கள், எந்தக் கல்லூரி, மொத்தம் எவ்வளவு செலவாயிற்று, இப்போது சம்பளம் எவ்வளவு என்று போய்க்கொண்டே இருப்பார். பல்லுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மனிதரும் விரலை மடக்கி ஏதோ கணக்குக் காட்டிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார்.

பல் ஆஸ்பத்திரியின் முன் மேசைதான் அண்ணியின் ராஜ்யம். மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாடை இருக்கிறது. அதன் பல் வரிசைக்கு நடுவே பேனாவைச் செருகி வைத்திருப்பார். டோக்கன் கொடுப்பது, பணம் வாங்குவது, அழுகிற பிள்ளைகளை மிரட்டுவது, மிரளுகிற பெரியவர்களைத் தேற்றுவது எல்லாம் அவர்தான். உள்ளே டாக்டர் பல்லைத்தான் பிடுங்குவார். மற்றதையெல்லாம் வெளியிலேயே அண்ணி பிடுங்கிவிடுவார்.

ரூட் கெனால் என்ற பெயரில் என் கடைவாய்ப் பல்லை டாக்டர் தவணை முறையில் தோண்டிக்கொண்டிருந்ததால், இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. "இப்படி அடுத்தவங்க சம்பளத்தைக் கேக்கறது நல்லாவா இருக்கு அண்ணி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வலிக்கிற மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது தம்பி. பல்லை வெளுக்க வர்றாங்க பாருங்க, அவங்க சொல்றதுல பாதியைத் தள்ளிடணும்."

"வலியில வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா?"

"நீங்க சொன்னீங்களா? பாதி ராத்திரியில எழுந்து இனிப்புத் திங்கிறதைப் போன வாரம் நீங்களேதானே ஒத்துக்கிட்டீங்க."



இத்தனை விசாரணையும் அண்ணன் மகளுக்காக. அவளுக்கு அரசுக் கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் கல்லூரியிலும் டேட்டா சயின்ஸ் என்று ஒரு படிப்புக்கு இடம் தந்திருந்தார்கள். பெரிய போட்டியாம், நூற்றில் ஐந்து பேருக்குத்தான் இடமாம், படித்து முடித்தவர்கள் எல்லாரும் வேலையில் இருக்கிறார்களாம். அந்தக் கட்டணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாக வேண்டும். இருபது வருஷம் வாடகை வீட்டில் குப்பை கொட்டிவிட்டுக் கடனில் கட்டிய வீடு. போன வருஷம்தான் கடன் தீர்ந்து பத்திரம் கைக்கு வந்திருந்தது. அண்ணன் துணிந்துவிட்டார். "நம்ம புள்ளைக்கு நாம செய்யாம யாரு செய்வா?" என்பார். பெண்ணைக் கேட்டால், "அப்பா சொல்றபடி" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள்.

அண்ணி மட்டும் அந்தக் கல்லூரியில் படித்த ஒரு ஜீவனாவது பல்வலியோடு வராதா என்று காத்திருந்தார். ஊரில் யாருக்கும் பல் வலிக்கக் கூடாது என்றுதான் நல்லவர்கள் நினைப்பார்கள். இவர் கதை வேறு.

முதலில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஈறு வீங்கியிருந்தது. "நல்ல காலேஜ்மா, எனக்கு மாசம் கை நிறைய வருது" என்றான். அண்ணிக்கு முகமே மலர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்டதும், "எங்கப்பா டைல்ஸ் கடைதான்" என்றான். அடுத்து வந்த பெண் அவனைவிடத் தெளிவாகப் பேசினாள். அவளுக்கு வேலை கொடுத்ததே அந்தக் கல்லூரிதானாம். "புதுசா சேர்றவங்களுக்குப் போன் பண்ணி, சேந்துடுங்க சேந்துடுங்கன்னு சொல்லணும்மா. அதான் வேலை." அண்ணி அவளுக்கு டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

வீட்டில் போய்ச் சொன்னதற்கு அண்ணன் சீறினார். "ரெண்டு சொத்தைப் பல்லை வச்சு ஒரு காலேஜை எடை போடுவியா?" அதுவும் நியாயம்தான். அண்ணிக்கே அது உறைத்தது. தன் கஞ்சத்தனத்தால் மகளின் வாழ்க்கை கெட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவருக்குள் புகுந்துகொண்டது. அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேசையில் டோக்கன்களை மாற்றிக் கொடுத்து இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தது. அண்ணன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டார். நான் பல்லைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, கைக்குட்டையால் தாடையைத் தாங்கியபடி ஒருவர் நுழைந்தார். அண்ணி என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, கோட்டு சார்."

அந்தக் கல்லூரியின் சேர்க்கை அதிகாரிதான். கோட்டும் டையுமாக, அண்ணனையும் அண்ணியையும் குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டி அண்ணனைக் கவிழ்த்தவர். இன்றைக்குக் கோட்டு இல்லாமல் கசங்கிய சட்டையில் இருந்தார். நூறு பேரைப் பார்க்கிற மனிதருக்கு அண்ணியை அடையாளம் தெரியவில்லை. அண்ணி விடுவாரா? பெயரை எழுதிய கையோடு ஆரம்பித்தார். "ஒங்க காலேஜ்ல படிச்சா வேலை கெடைக்குமா சார்?"

அந்த வீக்கத்தோடு அவர் நிமிர்ந்து நின்றார். "நூறு சதவீதம் மேடம். உலகத் தரம். சீட்டுங்க வேகமா முடிஞ்சிட்டு இருக்கு" என்றார். கண்ணில் நீர் வழிகிறது, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது.

அண்ணியின் தத்துவம் என் கண் முன்னால் படுத்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துக் குடைவார் என்று நினைத்தேன். ஆனால் வீக்கத்தை ஒரு பார்வை பார்த்தவர், "நீங்க மொதல்ல உள்ள போங்க சார்" என்று எனக்கு முன்னால் அவரை அனுப்பிவிட்டார். கேட்காமல் விட்ட கேள்வி முகத்தில் அப்படியே நின்றது.

பல் போய், வாய் நிறையப் பஞ்சோடு கோட்டு சார் வெளியே வந்தார். உதடு ஒரு பக்கம் தொங்கியது. அண்ணி பணத்தை வாங்கிக்கொண்டார். "பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை நீட்டிய கையை நடுவிலேயே நிறுத்தினார்.

"சார், இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை வச்சு ஒங்க காலேஜுக்குப் பணம் கட்டப் போறார். டேட்டா சயின்ஸு. எங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு, ஒரே வீடு. கவர்மெண்ட் காலேஜ்லயும் எடம் இருக்கு. ஒங்க சொந்தப் பொண்ணா இருந்தா, ஒங்க காலேஜ்ல சேர்ப்பீங்களா?"

அவர் வாய் அசைந்தது. பஞ்சு தடுத்தது. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். இடமும் வலமுமாகத் தலையை மெதுவாக ஆட்டினார். அண்ணி அப்போதும் சில்லறையை நீட்டியபடியே நிற்க, அவர் இன்னொரு தடவையும் நன்றாகவே ஆட்டினார். தொங்கும் உதட்டின் மேல் விரலை வைத்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று காட்டிவிட்டுச் சில்லறையை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணி போனை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"என்னங்க, கையெழுத்து போட்டாச்சா?"

"ஏன்?"

"போடாதீங்க. பத்திரத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. கோபப்படாதீங்க, எல்லாம் வந்து சொல்றேன்."

அண்ணன் வெடிக்கப் போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நான் இன்னும் மேனேஜர் ரூமுக்குள்ளயே போகலம்மா" என்றார் அண்ணன், ரொம்ப மெல்ல. "காலையிலேர்ந்து எனக்குப் பின்னாடி வர்றவங்களை எல்லாம் நீங்க போங்க, நீங்க போங்கன்னு முன்னாடி விட்டுட்டு இங்கயே உக்காந்திருக்கேன். பாப்பாவும் கூடத்தான் இருக்கா. அவளும் ஒண்ணும் சொல்லல."

பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, அப்ப நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸே படிக்கலாமா?" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாடா என்று எனக்கே மூச்சு வந்தது.

அண்ணி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்கள் நடக்கிற வழியில் இரண்டு காலையும் நீட்டினார். உள்ளேயிருந்து டாக்டர், "அடுத்தது யாரு? அனுப்புங்க" என்று குரல் கொடுத்தார். என் முறைதான். நான் எழுந்தேன். கண்ணை மூடியிருந்த அண்ணி, என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பிடித்த கையை விடாமல் அப்படியே சாய்ந்துகொண்டார்.