ராக்கெட் போன திசை

புஸ்ஸ்... லாரி பிரேக்கிலிருந்து காற்று பிரியும் சத்தம். பெரம்பலூரில் என் வீட்டுப் பக்கம் எந்த வண்டி அப்படி மூச்சு விட்டாலும், கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அந்தச் சாயங்காலம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது.

தம்பி அப்போது அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் வீட்டுக்குப் போயிருந்த அன்று அவனுக்கு இரவு ஷிப்ட். வண்டி வாசலில் நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள், வானம் தெளிந்திருந்தால் இங்கிருந்தே தெரியும் என்று தம்பி மனைவி என்னை மாடிக்கு இழுத்தாள். எனக்கோ வானத்தில் மனம் இல்லை. இருட்டத் தொடங்கியதும் நான் நீட்டிய டீ டம்ளருக்குப் பக்கத்தில், வெறும் காற்றைப் பிடித்திருந்தான் தம்பி. "தூசிதான்க்கா" என்று கண்ணைத் தேய்த்தான். வேப்பிலைகூட வெளுத்துக் கிடக்கும் அந்த ஊரில் எதற்கும் தூசியைச் சொல்லிவிடலாம். ஆனால் மாடிப்படியையும் காலால் தடவித் தடவி அல்லவா ஏறினான்.

"கெளம்பிடுச்சு அண்ணி!" போனைப் பார்த்தபடி அவன் மனைவி கத்தினாள்.

"நம்ம லாரிய விட வேகமாப் போவுமா?" என்றான் தம்பி.

"உங்க லாரி ஒரு மேடு ஏறுறதுக்குள்ள அது நெலாவுக்கே போயிடும்."

வடகிழக்கில், பனைகளுக்கு மேலே, ஒரு துளி நெருப்பு. ஏறியது. அத்தனை நெருப்புக்கு ஒரு சத்தமும் இல்லை, அதுவே பயமாக இருந்தது. பக்கத்து மாடிகளில் கூச்சல். அது வலப்பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்துப் போக, எங்கள் முகங்களும் அதனோடு மெல்லத் திரும்பின.

தம்பியின் முகம் திரும்பவில்லை. சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. நெருப்பு கரைந்து, பக்கத்து மாடிகள் காலியான பிறகும் அவன் சொன்னான்: "அடேங்கப்பா, இன்னும் தெரியுதே!"

அவன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

கீழே வந்ததும் ஆணியில் தடவிச் சாவியை எடுத்தான். "போயிட்டு வரேன்க்கா."

"டேய், ராக்கெட்டு எந்தப் பக்கம் போச்சு?"

"மேலதான். கீழயா போவும்?"

"கடல் பக்கம் சாஞ்சு போச்சுடா. நீ புகைபோக்கி வெளக்கப் பாத்துக்கிட்டு நின்ன."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"பகல்ல நல்லாத் தெரியுதுக்கா."

"இது பகலாடா? டியூஷன் விட்டுப் புள்ளைங்க சைக்கிள்ல வர நேரம். ரோட்டுல அதுங்களும் வெறும் இருட்டுதானே உனக்கு?"

அவன் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். விலகி வழிவிடவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது, கடந்து போனது. அது தேயும் வரை மூன்று பேரும் அசையவில்லை.

சாவியை நீட்டினான். என் கைக்குச் சற்றுத் தள்ளி, இடப்பக்கமாக. நான்தான் கையை நகர்த்தி வாங்கினேன். லாரி முதலாளியின் வீடு தெருக்கோடியில். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் அவன் குரல்:

"ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுக்கா. கண்ணுன்னு சொல்லிடாத."