தூங்குமூஞ்சிக்கு மட்டும் தொண்ணூறு

தூங்குமூஞ்சியை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அப்பாவின் ரொட்டிக்கடையில் விடியுமுன்பே மாவு பிசைந்துவிட்டு வகுப்புக்கு வருவாள். வந்ததும் மேசைமேல் கவிழ்ந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். கடைசி வருட புராஜெக்டுக்கு அவளைத்தானா என் தலையில் கட்ட வேண்டும்?

நாங்கள் செய்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். திடீரென்று விளக்கு எரியும். எரிந்த மாத்திரத்தில் பட்டனை அமுக்க வேண்டும். எத்தனை மில்லிசெகண்டில் அமுக்கினோம் என்று திரையில் எண் வரும். புரோகிராம் என்னுடையது. பெட்டி, பட்டன், ஒயர்களை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் எல்லாம் அவளுடையது. சும்மா சொல்லக்கூடாது, அவள் வைத்த சால்டர் ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருக்கும்.

வகுப்பே விளையாடிப் பார்த்தது. எனக்கு இருநூற்றைம்பது. கால்பந்து ஆடுகிறவனுக்கே இருநூற்றுப் பத்து. தூங்குமூஞ்சி பெட்டியை வாங்கி, வழக்கம்போல சுவிட்சை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே அமுக்கினாள். தொண்ணூறு!

"எப்படிடி?" என்றேன்.

"தெரியலையே. கை தானா போகுது."

தானா போகுதாம்! யார் காதில் பூ சுற்றுகிறாள்? அவள் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பலே கைகாரி, தடயமே விடவில்லை என்று சந்தேகம் இன்னும் முற்றியது. பெட்டியை ஏன் இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிறாள்? ஏன் என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள்? புராஜெக்டைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன்.

மேடம் இருவரையும் நிற்க வைத்தார். "நாளைக்கு மதிப்பெண் போட வெளியிலேருந்து ஆள் வர்றாங்க. பெட்டியில தில்லுமுல்லு செஞ்சது யாருன்னு தெரியலைன்னா ரெண்டு பேருமே ஃபெயில்."

அவளுக்கு மருத்துவக் கருவி பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. பாஸானால்தான் கிடைக்கும். "நான் எதுவும் பண்ணலை மேடம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "இவதான் மேடம், சத்தியமா இவதான்" என்று நான் அடித்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஆதாரம் தேடி, லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். மூன்று செகண்டில் விளக்கு எரிந்தது. அடுத்து ஐந்தில், அடுத்து இரண்டில். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மூன்று, ஐந்து, இரண்டு.

"ஏம்மா, விளக்கு எப்ப எரியணும்னு எழுதினது யாரு?"

"நான்தான் அண்ணா."

"எரியற நேரம் மாறி மாறி வரணும்னா, ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் புரோகிராமுக்குப் புதுசா ஒரு ஆரம்ப எண் குடுக்கணும். நீ குடுக்கலை, அதான் அதே வரிசை வருது. பட்டன் சரியா இருக்கான்னு அந்தப் பொண்ணு இங்கயே உட்கார்ந்து நூறு தடவை ஆன் பண்ணிப் பார்த்துச்சு. அதுக்கே தெரியாம கைக்குப் பழகிடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் ஒரு தாளை நீட்டினார். தூங்குமூஞ்சியின் கையெழுத்து. 'தவறு என் வேலையில்தான். அவளைத் தண்டிக்க வேண்டாம்.'

அதே தாளின் பின்பக்கத்தில் என் தவறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் படித்துவிட்டு, "மதியத்துக்குள்ள அவளைக் கூட்டிட்டு வா" என்றார்.

ரொட்டிக்கடையில் மாவுக்கையோடு நின்றிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "செய்யாததை ஏண்டி எழுதிக் குடுத்தே?" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னியா... எங்கயோ நான்தான் தப்பா ஒட்டிட்டேன் போலன்னு எனக்கே என்மேல சந்தேகம் வந்திடுச்சு."