விளக்குக்கு நின்றவர்

விளக்கு எரிந்த மறுநொடி புறங்கையை நீட்டிப் பார்ப்பார். சூடு மணிக்கட்டில் விழுந்தால் அரையடி பின்னால் போவார். விரல் முட்டிகளில் விழுந்தால் அதே இடத்தில் நிற்பார். கீழே குனிந்து பார்க்கவே மாட்டார். தரையில் ஒட்டியிருக்கும் சிவப்பு நாடாவின் மேல் இரண்டு பாதங்களும் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கும். "சூடே சொல்லிரும்லா, இதுக்கு எதுக்குக் குனியணும்?" என்பார் தாக் சுன்யே.

ஒன்பது வருடம் அவர் பார்த்த வேலை இதுதான். பெரிய நடிகை வருவதற்கு முன், அவர் நிற்க வேண்டிய இடத்தில், அவர் உடையின் நிறத்திலேயே ஏதோ ஒன்றை உடுத்திக்கொண்டு, அவர் உயரமுள்ள ஒருத்தி நிற்க வேண்டும். அவள் முகத்தை வைத்து விளக்குகளைத் திருப்புவார்கள், ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். விளக்குத் தலைவர் வூ சாங்பே ஏணியிலிருந்து "ஆச்சு" என்று குரல் கொடுத்ததும் அவள் விலகிவிட வேண்டும். நடிகை வந்து நிற்பார். அதன் பிறகுதான் படம் ஓடும்.

சுன்யே அக்காவின் சொந்த ஊர் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் குரியோங்போ. ஒரு நாடகக் குழுவோடு தலைநகர் சியோலுக்கு வந்தவர். குழு கலைந்து, மேடை போய், கடைசியில் கையில் மிஞ்சியது நடிகைக்குச் சமமான உயரம் மட்டும்தான். கணவர் ஊரிலேயே மீன் ஏலம் விடுகிறார். அக்கா மாதம் இரண்டு முறை பேருந்தில் போய்வருவார். துறைமுகத்தில் யாராவது, "உன் பொண்டாட்டி எந்தப் படத்துலதான்யா வாரா?" என்று சீண்டினால், "அவ நிக்காம ஒரு படமும் கிடையாது, போய் வேலையப் பாரு" என்பாராம் அவர்.

தளத்தில் அக்காவைக் கண்டு கொஞ்சம் பயப்படுவார்கள். யாராவது பொய்யாக நடித்தால் இடது காதைச் சொறிவார். அவருக்கே தெரியாமல் செய்வதுதான். ஆனாலும் வசனத்தை முடித்த கையோடு அந்தக் காதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் நடிகர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நான் படத்தொகுப்பாளர். இருட்டறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவள். முகம் தெரிவதற்கு முன்பே அவர் குரல் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஏழு வருடம் முன்பு ஒரு படம். மேங் கிதோக் என்ற மூத்த நடிகரின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்கிறார்கள். எதிரே பேச வேண்டிய நாயகி விளம்பரப் படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போய்விட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் உதவி இயக்குநர் யாராவது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, பேருந்து அறிவிப்பு மாதிரி வசனத்தைப் படிப்பார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அக்கா, நீங்க படிச்சிருங்களேன்" என்று தாளை நீட்டியிருக்கிறார். அக்கா தாளை வாங்கவில்லை. எல்லாம் மனப்பாடம்.

என் மேசைக்கு அந்தத் துண்டு வந்தது. மேங் சாரின் கீழுதடு நடுங்கியது, கண் நிறைந்தது. அவர் படங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான்; அந்த உதடு நடுங்கி ஒரு நாளும் பார்த்ததில்லை. பின்னால் ஓட்டிக் கேட்டேன். சட்டகத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல், "நீ கிளம்பு. நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்றது. அவ்வளவுதான்.

இயக்குநர் இன் ஜோங்ஹ்வாவைக் கூப்பிட்டேன்.

"இது யாரு குரல்?"

"விளக்குக்கு நிக்கிற அம்மா. எடுத்துடு, நாயகி குரலை அப்புறமா வெச்சுக்கலாம்."

"எடுத்துட்டா மேங் சார் எதுக்கு அழுறார்னு தெரியாதே."

இயக்குநர் மூன்று முறை கேட்டார். அங்கிருந்தே மேங் சாருக்குத் தொலைபேசினார். மறுமுனையில் கிழவரின் சிரிப்பு எனக்கே கேட்டது. "இப்பத்தான் உங்களுக்கெல்லாம் காது முளைச்சுதா? எழுதின வசனத்துக்கா அழுதேன்? அந்தம்மா சொன்னதுக்கு அழுதேன்."

இரண்டு வருடம் கழித்து இயக்குநர் ஒரு கதையோடு அக்காவைத் தேடிப் போனார். சிற்றூர்ப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண். குடும்பத்தை நடுத்தெருவில் விட்டு ஓடிப்போன அண்ணன் பல வருடம் கழித்து அவள் ஜன்னலுக்கு முன் வந்து நிற்கிறான். தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாப்பத்தஞ்சு வயசு, ஒருத்தருக்கும் தெரியாத முகம்!" அக்காவும் அவர் கட்சிதான். "எனக்கு வேண்டாம் டைரக்டரம்மா. கேமராவுக்குப் பக்கத்துல நின்னே பழகிட்டு. படம் ஓடும்போது முன்னால நின்னா என் கை காலே யாரு வீட்டுதோன்னு இருக்கும்."

அண்ணனாக நடிக்க வேண்டிய மேங் சார், அந்தம்மா இல்லையென்றால் தானும் இல்லை என்றுவிட்டார். அக்கா ஊருக்குப் போன் போட்டார். கணவர் ஏலத்தின் நடுவில் இருந்தார். "ஏளா, இங்க வாரதுன்னா வந்து மீனு காயப்போடு. நடிக்கதுன்னா நடி. ரெண்டுல எதையாச்சும் முழுசாச் செய்யி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாராம்.

முதல் நாள் படப்பிடிப்புக்கு நானும் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் அக்கா. ஏணியில் வூ சாங்பே. கடைசி விளக்கைத் திருப்பிவிட்டு, "ஆச்சு" என்றார். அக்கா எழுந்து சட்டகத்தைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி "ஆச்சு." மறுபடி எழுந்துவிட்டார். நாலாவது முறை சிரிப்பு குறைந்தது. ஏழாவது முறை யாருமே சிரிக்கவில்லை. தயாரிப்பாளர் வாசலருகே போய், வேறொரு நடிகைக்கு அந்த வாரம் தேதி இருக்குமா என்று போனில் விசாரித்தார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அக்கா விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

நடிகர்களிடம் பேசும் வழக்கமே இல்லாத வூ சாங்பே ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"சுன்யே, தப்பு என் வாயில இருக்கு. ஒம்பது வருஷமா ஆச்சு ஆச்சுன்னு சொல்லி உன்னை விரட்டினவன் நான்தான்."

"நீங்க எங்கண்ணே விரட்டுனீய? நானாத்தான போனேன்."

"இனிமே சொல்ல மாட்டேன். வெளிச்சம் சரியானா கையைத் தூக்குவேன். நீ உக்காந்திரு. வேற யாரும் வரப்போறதில்ல. இது உனக்கு வெச்ச விளக்கு."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

எட்டாவது முறை. ஏணியில் ஒரு கை உயர்ந்தது. அக்காவின் வலது குதிகால் தரையைவிட்டு எழும்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. மேங் சார் ஜன்னலுக்கு முன் வந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் அடையாளம் தெரிந்தது, கோபம் வந்தது, கோபத்தை மடித்து உள்ளே வைத்ததும் தெரிந்தது. பிறகு, யாரோ ஒரு பயணியிடம் கேட்பதுபோல, "எந்த ஊருக்கு?" என்றார்.

மேங் சார் தன் வசனத்தை மறந்துபோனார். இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. தயாரிப்பாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டில் நான் கத்திரியே வைக்கவில்லை. முழுதாகப் படத்தில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. இரண்டு விருதுகள், மூன்று வருடத்தில் நான்கு படங்கள், வாசலில் கதைகளோடு காத்திருக்கும் இயக்குநர்கள். "இவ்வளவு மெதுவா மேல வந்ததுல வருத்தம் உண்டா?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "மெதுவாவா? நான் விறுவிறுன்னுதான் நடந்தேன். நீங்கதான் இப்பப் பாக்கீய."

பெருந்தன்மையில் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தனக்காக வேறொருத்தி கால் கடுக்க நிற்பதா என்று, தன் விளக்குக்குத் தானே நிற்பேன் என்றார். அந்த வேலைக்கு வந்திருந்த போக்யோங் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்கு நல்ல மனசுக்கா. என் வேலைக்குத்தான் உலை வெக்கிறீங்க." அக்கா "ஏ, வா தாயி, வந்து நில்லு" என்று விலகிக்கொண்டார். இப்போது தான் வேலை செய்யும் படம் ஒவ்வொன்றிலும் போக்யோங்கும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

முதல் படம் ஊருக்குப் பக்கத்து நகரமான போஹாங்கில் திரையரங்குக்கு வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பகல் காட்சி. கணவர் ஏலத்திலிருந்து நேராக, ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தார். துறைமுகத்தையே எழுப்பும் குரல் அவருக்கு. திரையில் அக்காவின் முகம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. கண்ணீர் தாடைவரை வழிந்தும் துடைக்கவில்லை.

அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. படம் முழுக்க இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுமடலில் ஒரு மீன்செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அக்கா கையை நீட்டி, அவர் கவனம் கலையாதபடி, அதை நகநுனியால் மெல்லச் சுரண்டி எடுத்தார்.