கொடி இறங்கும் வரை

செல்வரட்ணத்தாருக்கு அறுபத்தொரு வயது. பேச்சுக் குறைவு, பிடிவாதம் கூட. காங்கேசன்துறைப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் இராணுவத்திடம் இருந்த காணி கைக்கு வந்தபோது, வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் மிச்சம். பின்வளவில் குடும்பத்து வைரவரின் சூலம் மட்டும் சாய்ந்து நின்றது. மனிதர் வீடு கட்டுவதற்கு முன் சூலத்தை நிமிர்த்தினார். அதன்பிறகு வெங்காயத்துக்கு இறைக்கிற நாள் தவறினாலும் வெள்ளிக்கிழமை விளக்குத் தவறியதில்லை.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு அரச திணைக்களத்தார் பொலிசோடு வந்தார்கள். சூலத்தடியில் பழங்காலத்துச் செங்கல் கிடக்கிறதாம். சுற்றிக் கம்பிவேலி அடித்து, உள்ளே போகக்கூடாது என்று பலகையும் நட்டார்கள். அவருடைய காணி, அவருடைய சாமி, அவர் மட்டும் வேலிக்கு வெளியே.

கொழும்பில் இருக்கும் சட்டத்தரணி ஆரணி தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"ஐயா, வழிபடுற உரிமை அரசியலமைப்பிலை இருக்கு. ஆனால் வேலி அடிச்சு ஒரு மாசத்துக்குள்ளை மனுவைப் போடவேணும். காணி உறுதியோடை நேரிலை வந்து கையெழுத்து வையுங்கோ."

உறுதியின் பிரதி எடுக்கவே ஒரு கிழமை போயிற்று. அதற்குள் ஊர் அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டது. இருபத்தைந்து நாள் திருவிழா. கொடிச்சீலை தலைமுறை தலைமுறையாக செல்வரட்ணத்தார் வீட்டு உபயம். சீலை கொடுத்தவர் கொடி இறங்கும் வரை ஊரெல்லை தாண்டக்கூடாது என்பது வழக்கம்.

மனைவி குணலட்சுமி விடவில்லை. "கொழும்புக்கு ஒருக்காப் போட்டு வாறதுக்கு அம்மன் கோவிக்கமாட்டா. ஏரம்பு மாஸ்டரிட்டைக் கேளுங்கோ."

கேட்டார். கோயில் தலைவர் ஏரம்பு மாஸ்டர் ஓய்வுபெற்ற அதிபர். கண்ணாடியைக் கழற்றி ஆறுதலாகத் துடைத்தார்.

"செல்வரட்ணம், ஊருக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? வழக்கு எங்கை ஓடப்போகுது?"

வழக்கு ஓடவில்லை, நாள் ஓடியது. பத்தாம் திருவிழாவன்று மாஸ்டர் கனடாவிலிருந்து வந்த மகனைக் கூட்டிவர வாடகை வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். கேட்டதற்கு, "நான் சீலை குடுக்கிறவனில்லையே" என்றார். அப்போதும் செல்வரட்ணத்தார் எல்லை தாண்டவில்லை. பயம். பக்தி என்று பேர் வைத்தால் பயத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை கொடி இறங்கிய கையோடு பஸ் ஏறினார். சனி, ஞாயிறு நீதிமன்றம் இல்லை. திங்கள் மனுவைப் போட்டபோது மூன்று நாள் பிந்திவிட்டது.

ஐந்து மாதம் கழித்து உயர்நீதிமன்றத்தில் வழக்கைப் பத்து நிமிடம் எடுத்தார்கள். கோயில் கட்டுப்பாட்டை ஆரணி விளக்கிச் சொன்னாள். அது மனுதாரர் தானாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு என்றார்கள் நீதிபதிகள். மனு தள்ளுபடி. ஒருவருக்கும் அவர்மேல் கோபம்கூட இல்லை.

"வைரவரைப் பற்றி என்ன சொன்னவை?" என்று குணலட்சுமி வாசலிலேயே கேட்டாள்.

"அவரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. திகதியைப் பற்றித்தான் கதைச்சவை."

"நீங்கள் அம்மனுக்குப் பயப்பிடேல்லை. மாஸ்டருக்குத்தான் பயந்தனீங்கள்" என்றாள்.

அடுத்த மாதம் கோயில் பொதுக்கூட்டம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனார். மாஸ்டர் முந்திக்கொண்டார். கோயில் கட்டுப்பாட்டுக்காகச் சொந்த வழக்கையே இழந்த பெருமகன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, அவரை மேடைக்குக் கூப்பிட்டார். சனம் கைதட்டியது. மாஸ்டர் பொன்னாடையோடு கிட்ட வந்தார். செல்வரட்ணத்தார் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

கூட்டம் முடிய, பொன்னாடையைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு, பின்வளவில் வேலிக்குள் நிற்கும் சூலம் கண்ணில் படாத ஒழுங்கையால் சுற்றி வீட்டுக்குப் போனார்.