மேகமலை இறக்கத்தில் வந்த தீய்ந்த வாசம்

எதற்கெடுத்தாலும் பயப்படும் என் குணம் நல்லதா, கெட்டதா? மேகமலைக்குப் போய்வந்த பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

திருமணத்துக்குப் பின் முதன்முறையாக நானும் கணவரும் காரில் ஊர் சுற்றக் கிளம்பினோம். மடியில் ஒரு வயது மகள். தேயிலைத் தோட்டங்களை ஆசைதீரப் பார்த்துவிட்டுச் சின்னமனூர் நோக்கி இறங்கினோம். பெட்ரோல் மிச்சமாகும் என்று கணவர் வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தார்.

திடீரென்று தீய்ந்த வாசம்.

“என்னங்க, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன் போல!”

“உத்தமபாளையத்துல நம்ம வீட்டுல பால் தீஞ்சா இங்கன வாசம் வருமா? ஒம் மூக்குக்கு ஒரு கோயிலு கட்டணும்டி.”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காவைப் போனில் கேட்காமல் எனக்கு நிம்மதியில்லை. “சிக்னல் கிடைக்கிற எடமா நிப்பாட்டுங்க” என்று நச்சரித்தேன். சலிப்போடு மிதித்தார். பிரேக் பிடிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. முன்சக்கரத்தில் புகை; மிதித்து மிதித்துப் பிரேக் தீய்ந்த வாசம்தான் அது. எதிரே கொண்டை ஊசி வளைவு.

“ஆத்தாடி!” என்றவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

சக்கரம் ஆறும்வரை சாலையோரம் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு முதல் கியரிலேயே மெல்ல இறங்கினோம். வீட்டில் அடுப்பு அணைந்துதான் இருந்தது.

இப்போதெல்லாம் இறக்கத்தில் அவர் நியூட்ரலைத் தொடுவதில்லை. நானும் அடுப்பை ஒருமுறை பார்ப்பதோடு சரி. ஆனால் தேனிக்குக் கிளம்பினால்கூட, “மனசுக்கு எதுவும் தோணுதா? சொல்லு, எடுக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் காரைக் கிளப்புகிறார். ‘எடுங்கள்’ என்று சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. தோழிகளே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?