ஆப்புக் குழி வெளியே தெரிந்த படி

அன்று சென்னையில் ஓர் அரசாங்க ஆபீஸ் வாசலில் நின்றவர்கள்: உத்திரமேரூர் பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கும் நான், எங்கள் மேஸ்திரி, கட்டடத்து என்ஜினீயர், வெள்ளைத்தடியோடு வேலைக்கு வந்த ஓர் அம்மா.

வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து அடித்தால்தான் கருங்கல் பிளக்கும். கட்டும்போது குழித்தடம் உள்ள பக்கம் உள்ளே மறைய வேண்டும். அதற்காக அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்புவோம். ஒரு கல்லுக்கு நான் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். புதிதாகக் கட்டிய படிக்கட்டில் அதுவே மேல்படி. குழியெல்லாம் வெளியே தெரிந்தது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்றார் மேஸ்திரி. "கல்லப் பேத்து எடு. நாளையிலேர்ந்து குவாரிக்கு வராத."

நான் கடப்பாரையை எடுத்தேன். அந்த அம்மா தட்டிக்கொண்டே ஏறி வந்தார். மேல்படியில் தடி கடகடவென்றது.

"இன்னா பண்றீங்க?"

"தப்பா வந்த கல்லும்மா. எடுக்கிறோம்," என்றேன்.

"கைய வெச்சிப் பாரு! பழைய படியில கடைசிப் படி எதுன்னு தெரியாம காத்துல கால் வெச்சிக்கினு இருந்தேன். ஒரு வாரமா தடியில இந்தப் பள்ளம் தட்டுது, மரியாதையா நிக்கிறேன்."

என்ஜினீயர் சிரித்துவிட்டார். மற்ற வாசல்களுக்கும் அதே மாதிரி மேல்படி வேண்டும் என்றார்.

"நாளைக்கு சீக்கிரம் வா," என்றார் மேஸ்திரி. "அதே தப்ப ஒழுங்கா பண்ணு."

அதுவரை கல்லைக் கண்ணால் மட்டும் பார்த்தவன் நான். மறுநாள் ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்துதான் லாரியில் ஏற்றினேன்.

மொத்தம் ஒன்பது கல்.